எல்லோரையும் மன்னித்த கல்

காலை ஏழு மணிக்கே பன்றித் தலையை மேசைமேல் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். அவித்த தலை, சிரிப்பது போல வாய். பக்கத்தில் அரிசிக் கேக், இரண்டு குடுவை அரிசிக் கள். புது வேலை தொடங்கும்போது தளத்தில் எப்போதும் வைக்கிற படையல்தான். ஆனால் இன்று தொடங்கப்போவது புது வேலை இல்லை. முன்னாள் அதிபரின் எழுத்தைச் செதுக்கிய பழைய கல்லைப் பழைய பீடத்தில் தூக்கி வைக்கிற வேலை.

நேற்றே வைத்திருக்கலாம். நேற்று காற்று இல்லை, வாசலில் கூட்டம் இல்லை, கிரேனும் சும்மாதான் நின்றது. ஆனால் கப்பல் கட்டும் தளத்தின் சேர்மன் வீட்டம்மா குறிகாரியிடம் போய், பத்தரை மணிக்குத்தான் கல் உட்கார வேண்டும் என்று நேரம் குறித்து வாங்கி வந்திருந்தாள். முன்னாள் அதிபரின் கார் வாசலுக்குள் நுழைவதும் பத்தரைக்கு. கல் இறங்க, கார் நுழைய, இரண்டும் ஒன்றாக நடந்தால் போன மரியாதை திரும்பிவிடுமாம்.

"குறிகாரிங்க பேச்சைக் கேட்டுத்தானே மொத தடவையே நாறினாங்க," என்றாள் ஒக்சொன், கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டே.

"காலங்காத்தால வாயை மூடு. சாமி காரியம்," என்றார் யொம்.

ஒக்சொன் சிக்னல்காரி. வயது ஐம்பத்திரண்டு. கிரேன் ஓட்டுகிறவர் யொம், அறுபத்தொன்று. பதினைந்து வருடமாக இவள் கையைப் பார்த்துத்தான் அவர் சுமையைத் தூக்குகிறார், இறக்குகிறார். சாப்பாட்டு வேளையில் அரசியல் பேசுவதில்லை என்று இருவருக்கும் ஓர் ஒப்பந்தம். ஒன்பது வருடத்துக்கு முன்பு, சனிக்கிழமை தவறாமல் ஆறு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து தலைநகர் சோலுக்குப் போய், அதிபர் பதவி விலக வேண்டும் என்று மெழுகுவத்தி பிடித்தவள் அவள். அதே சனிக்கிழமைகளில் அதே ஊருக்கு வேறு பஸ்ஸில் போய், எதிர்ப்பக்கம் நின்று அதிபருக்காகத் தேசியக் கொடி ஆட்டியவர் அவர். திங்கட்கிழமை இருவருக்குமே தொண்டை கட்டியிருக்கும். சைகையிலேயே வேலை நடக்கும்.

அதிபர் அப்போது செய்த காரியம் ஊருக்கே மனப்பாடம். அரசு வங்கியின் கையில் இருந்தது இந்தத் தளம். அதிபரின் மச்சான் ஒரு கல்வி அறக்கட்டளை தொடங்கினார். இப்போதைய சேர்மன் அதில் பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டினார். அதிபர் வங்கிக்கு ஒரே ஒரு போன் செய்தார். தளம் சேர்மன் கைக்கு வந்தது. வந்த மறு வருடமே ஆயிரத்து தொள்ளாயிரம் பேரை வெளியே அனுப்பினார்கள். சிக்னல் ஆட்களைப் பாதியாக வெட்டினார்கள். ஒரு ஆளுக்கு இரண்டு கிரேன்.

அப்படி ஒக்சொன் அடுத்த கிரேனுக்கு ஓடிய ஒரு பிற்பகலில்தான் கீதே செத்தான். இவர்களுடைய கலாசி, கொக்கி மாட்டுகிறவன். வயது முப்பத்து நான்கு. கீழே அவன் சுமை தூக்கும் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டிருந்தது யொம் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து தெரியவில்லை. மேஸ்திரி பியோ "இறக்கு, இறக்கு, நேரமாச்சு" என்று கையை ஆட்டினார். யொம் இறக்கினார். ஏழு டன் இரும்புத் தகடு.

பிறகு விஷயம் வெடித்தது. அதிபர் பதவி போனது, பதினேழு வருடம் சிறை என்று தீர்ப்பு வந்தது. தளத்து ஆட்களே கல்லைப் பெயர்த்துப் பழைய இரும்புக் கிடங்கில் தள்ளினார்கள். சேர்மன் சக்கர நாற்காலியில் முகமூடி போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார், தண்டனை நிறுத்திவைக்கப்பட்டதும் எழுந்து நடந்து வீட்டுக்குப் போனார். அதிபரை நாலு வருடத்தில் தேச ஒற்றுமைக்காக மன்னித்து வெளியே விட்டார்கள். போனதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. வெட்டிய சிக்னல் ஆட்கள் மட்டும் திரும்பி வரவில்லை.

கல் போன பிறகு பீடம் வெறுமையாகக் கிடந்தது. கீதே செத்த நாளில் வருடா வருடம் அங்கே வெள்ளைச் செவ்வந்தி வைப்பார்கள். மறு வருடம் இன்னொருவன் செத்தான், அவனுக்கும் அங்கேதான். மூன்றாமவனுக்கும் அங்கேதான். போன வாரம் பீடத்தைக் கழுவித் துடைத்தபோது காய்ந்த பூவை எல்லாம் குப்பைப் பையில் அள்ளிப் போட்டார்கள்.

அதையும் ஒக்சொன் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். வாயைத் திறக்கவில்லை. காரணம் ஒரு காகிதம். ஒப்பந்தக் கூலிகளில் பதினோரு பேரை அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து கம்பெனியே நேரடியாக எடுத்துக்கொள்ளும் என்ற பட்டியல். ஏழாவது பெயர் மா ஒக்சொன். பதினைந்து வருடமாக ஆறு மாதத்துக்கு ஒரு முறை கைமாறிய ஆள், இனி அறுபது வயதுவரை அசைக்க முடியாத ஆள் ஆகலாம். நிர்வாக மேனேஜர் நாம்குங் அதை அவள் கண்முன் விரித்துக் காட்டிவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை அந்தக் கல்லு வேலைய மட்டும் சத்தமில்லாம முடிச்சுக் குடுத்துடுங்க, ஒக்சொன்ம்மா. கேமராவெல்லாம் வரும். கையெழுத்து திங்கட்கிழமை."

முடித்துக் கொடுக்கத்தான் வந்திருந்தாள்.

பத்து மணிக்கு வாசலுக்கு வெளியே கொடிக்காரர்கள் சேர்ந்துவிட்டார்கள். எல்லாம் எழுபது, எழுபத்தைந்து வயது. தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கையில் கொடி. யொம்முக்கு முக்கால்வாசிப் பேரைத் தெரியும். "யொம்! நல்லா நிமித்தி வைடா!" என்று ஒரு கிழவர் கத்தினார். யொம் கிரேனிலிருந்து கையை அசைத்தார், கொஞ்சம் கூச்சத்தோடு.

வாசலுக்கு உள்ளே ஒரே சாலைதான். இரண்டு பக்கமும் மதில். சாலைக்கு வலப்புறம் லாரியில் கல், இடப்புறம் பீடம். கல் சாலையைத் தாண்டித்தான் போக வேண்டும். கல்லின் மேல் வெள்ளைத் துணி சுற்றி, ஓரத்தில் ஒரு பட்டுக் கயிறு விட்டிருந்தார்கள். சேர்மன் அந்தக் கயிற்றை இழுக்க, துணி விழ, எல்லோரும் கைதட்ட வேண்டும்.

நாம்குங் பன்றித் தலைக்கு முன்னால் மண்டியிட்டுக் கும்பிட்டார். பியோ மேஸ்திரி கும்பிட்டார். ஒக்சொன் நின்றபடியே தலையைக் குனிந்தாள். பத்து இருபதுக்கு அவள் விசிலை ஊதி, ஆள்காட்டி விரலை உயர்த்திச் சின்ன வட்டம் போட்டாள். கம்பி வடம் இறுகியது. பதினோரு டன் கருங்கல் லாரியைவிட்டு எழுந்தது. லாரியின் முதுகு மூச்சு விட்டது போல மேலே வந்தது.

கையை இடப்பக்கம் நீட்டினாள். கல் சாலைக்கு மேலே நகர்ந்தது.

அப்போது கடல் பக்கமிருந்து ஒரு காற்று வந்து துணிக்குள் புகுந்தது. தைத்தவன் கல்யாணப் பந்தலுக்குத் தைக்கிற மாதிரி தைத்திருக்கிறான். அடியிலிருந்து கிழிந்துகொண்டே போய்ப் பாதித் துணி ஒரு பக்கமாகத் தொங்கியது.

மேலே பழைய எழுத்து, அதிபரே தூரிகை பிடித்து எழுதியது: கடலே நம் நாடு. அது அவளுக்குத் தெரியும். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு அதை நட்ட அன்று தளத்து ஆட்களை மழையில் நாலு மணி நேரம் கொடி ஆட்ட நிறுத்தியிருந்தார்கள். அதற்குக் கீழே இப்போது ஒரு புது வரி. உளி பட்ட இடம் இன்னும் வெள்ளையாக இருந்தது.

எல்லோரையும் மன்னித்தேன்.

அதன் கீழே அதிபரின் பெயர், இந்த வருடம், இந்த மாதம்.

ஒக்சொன் ஒரு தடவை படித்தாள். பிறகு வலக்கையை உயர்த்தி முஷ்டியை மூடினாள். நிறுத்து.

கல் நின்றது. நடுச் சாலைக்கு நேர் மேலே, மூன்று ஆள் உயரத்தில்.

"என்னாச்சு?" வாக்கி டாக்கியில் யொம்மின் குரல். "காத்தா?"

"அண்ணே, கல்லுல என்ன எழுதியிருக்குன்னு உங்களுக்குத் தெரியுதா?"

"எனக்கு முதுகுப்பக்கம்தான் தெரியுது. ஏன், கடலே நம் நாடுதானே?"

"கீழ ஒண்ணு சேத்திருக்காங்க. 'எல்லோரையும் மன்னித்தேன்.' அவர் பேரு போட்டிருக்கு."

கரகர சத்தத்துக்கு நடுவே யொம் கேட்டார்.

"யாரை மன்னிச்சாராம்?"

"நம்மளைத்தான்."

"நாம என்ன பண்ணோம்?"

"அதத்தான் நானும் யோசிக்கிறேன்."

அவர் குரல் தணிந்து வந்தது: "கீதேயையுமா?"

"எல்லாரையும்னு போட்டிருக்கு, அண்ணே."

அதற்குள் பியோ மேஸ்திரி ஓடி வந்துவிட்டார்.

"ஏன் நிறுத்தின? துணிதானே கிழிஞ்சுது? எறக்கு, அப்புறம் தைச்சுக்கலாம்."

"மேஸ்திரி, அந்த வரிய யாரு செதுக்கச் சொன்னது?"

"எந்த வரி?" பியோ அண்ணாந்து பார்த்தார். உதடு அசைந்தது. படித்து முடித்ததும் பார்வையை உடனே கீழே இறக்கிக்கொண்டார். "நமக்கென்ன வந்தது. நாம கல்லு தூக்குற ஆளு. படிக்கிற ஆளா?"

"நான் படிச்சிட்டேனே."

"ஒக்சொன். பட்டியல்ல உன் பேரு இருக்கு. என் பேரு இல்ல, தெரியுமா? என்னை வெட்டிடுவாங்களான்னு நான் பயந்துட்டு நிக்கிறேன். மரியாதையா எறக்கு."

அவள் முஷ்டியை இறக்கவில்லை. பியோவுக்குக் கழுத்து சிவந்துபோனது. கிரேனைப் பார்த்துத் திரும்பி, தானே கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழ்நோக்கி ஆட்டினார். இறக்கு, இறக்கு.

கல் அசையவில்லை. கிரேனின் ஒலிபெருக்கி விழித்துக்கொண்டது. வாசலில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

"பியோ. உன் கையைப் பாத்து ஒரு தடவ எறக்கினேன்."

அவ்வளவுதான். பியோவின் கை ஆடியபடியே பாதியில் நின்றது. பிறகு அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல மேல்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

வெளியே ஆரவாரம் கிளம்பியது. பத்து இருபத்தெட்டு. மூன்று கறுப்புக் கார்கள் வாசலுக்குள் நுழைந்து, சிவப்பு நாடா கட்டியிருந்த இடத்தில் வரிசையாக நின்றன. நாடாவுக்கு அந்தப் பக்கம், சாலைக்கு மேலே, பதினோரு டன்.

மதிலில் ஆள் உயர எழுத்தில் எழுதியிருந்தது: தொங்கும் சுமைக்குக் கீழே ஒருவரும் இல்லை. கீதே செத்த பிறகு கம்பெனி எழுதிப்போட்டது. அதற்கு முன்னால் நின்று சேர்மன் உறுதிமொழி எடுத்ததைத் தொலைக்காட்சியிலும் காட்டினார்கள். இன்றும் கேமராக்கள் சரியாக அந்த மதிலுக்கு எதிரில்தான் நின்றன.

நாம்குங் சிரித்த முகத்தோடு ஓடி வந்தார். கேமராவுக்குச் சிரிப்பு, அவளுக்குப் பல்லிடுக்கால் பேச்சு.

"ஒக்சொன்ம்மா, என்ன இது? ரெண்டு நிமிஷம் இருக்கு."

"அந்தக் கீழ் வரிய உளி வச்சு எடுத்துடுங்க, சார். எடுத்தா பீடத்துல வைக்கிறேன். இல்லேன்னா வந்த லாரியிலயே ஏத்திடுறேன்."

"உங்களுக்குப் பைத்தியமா? ரெண்டு நிமிஷத்துல கருங்கல்லை எப்படிச் செதுக்குறது?"

"அப்ப லாரி."

"வேற சிக்னல் ஆளைக் கூப்பிடுறேன்."

"கூப்பிடுங்க. சுமை தொங்குறப்போ சிக்னல் ஆள் மாறக் கூடாது. எறக்கி வச்சிட்டுத்தான் மாறணும். உங்க ஆபீஸ் போட்ட சட்டம்தான், மூணாவது பக்கம். எறக்குறதுக்கு இப்ப ரெண்டே எடம்தான் இருக்கு. ஒண்ணு லாரி, இன்னொண்ணு இந்த ரோடு."

நாம்குங் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். அவருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள். "ஏழாவது பேரு. பாருங்க. இப்பவே கோடு போட்டு அடிச்சிடுவேன். பதினஞ்சு வருஷம், ஒக்சொன்ம்மா. நல்லா யோசிங்க."

அவள் யோசிக்கத்தான் செய்தாள். வலக்கை மேலே தூக்கியபடி இருந்ததால் தோள் கடுத்தது. பெயர் அச்சில் அழகாக இருந்தது. மா ஒக்சொன். அந்தப் பெயரோடு எட்டு வருடம் நிம்மதியாகத் தூங்கலாம். தினம் காலையில் இந்த வாசல் வழியாகத்தான் வர வேண்டும். தினம் அந்தக் கல்லைத் தாண்டித்தான் போக வேண்டும். தினம் அது அவளை மன்னிக்கும்.

"அடிங்க," என்றாள்.

நடுக் காரின் கதவு திறந்தது. முன்னாள் அதிபர் தாமாகவே இறங்கி வந்தார். நல்ல கம்பளிக் கோட்டு, வாரிய வெள்ளை முடி, சிறையில் இளைத்ததெல்லாம் திரும்ப ஏறிவிட்ட கன்னம். கொடிக்காரர்கள் அவர் பெயரைச் சொல்லி அழுதார்கள், நிஜமாகவே அழுதார்கள். அவர் நாடாவுக்கு அருகில் வந்து நின்றார்.

"என்னம்மா பிரச்சினை?" தொலைக்காட்சியில் கேட்ட அதே மெல்லிய குரல்.

"சுமை தொங்குது. கீழ வரக் கூடாது."

"ஓ. எவ்வளவு நேரம் ஆகும்?"

"அது உங்க கையிலதான் இருக்கு. அந்தக் கடைசி வரிய எடுக்கச் சொல்லுங்க."

அவர் அண்ணாந்து பார்த்தார். முகத்தில் கோபம் வரவில்லை. அதுதான் அவளுக்கு மேலும் எரிந்தது. குழந்தையிடம் பேசுவது போலப் பேசினார். "அது நல்ல மனசோட எழுதினதும்மா. எனக்கு நடந்ததையெல்லாம் நான் மறந்துட்டேன். யார் மேலயும் எனக்குக் கோபம் இல்ல. எல்லாரையும் மன்னிச்சுட்டேன்."

"நாங்க கேக்கலையே."

"என்னது?"

"மன்னிப்பு. நாங்க உங்ககிட்ட கேக்கலையே." அவள் குரல் உயரவில்லை. சிக்னல்காரிக்குக் கத்திப் பழக்கமில்லை. "இதே ரோட்டுல உங்க ஒரு போனுக்காக ஆயிரத்து தொள்ளாயிரம் பேரு பெட்டியைத் தூக்கிட்டு வெளியே போனாங்க. அந்தப் பீடத்துல மூணு பேருக்குப் பூ வைக்கிறோம். நாங்க இன்னும் உங்களை மன்னிக்கல, ஐயா. கல்லுல எழுதணும்னா அத எழுதுங்க. நானே பூப் போல தூக்கி வைக்கிறேன்."

செயலாளர் ஒருவர் ஓடி வந்து முன்னாள் அதிபரின் முழங்கையைப் பிடித்தார். கொடிக் கூட்டத்திலிருந்து வசவு கிளம்பியது. "செங்கொடிக்காரி! வெளிய இழுத்துப் போடுங்கடா அவளை!" அதே கிழவர் கிரேனைப் பார்த்துக் கத்தினார். "யொம்! நீ என்னடா பொம்பளை கையைப் பாத்துட்டு ஒக்காந்திருக்க? எறக்குடா! துரோகி!"

ஒலிபெருக்கி இன்னொரு தடவை கரகரத்தது.

"அவரு மேல எனக்கு மரியாதை இருக்கு, அண்ணே. அவரு நின்னப்போ ஓட்டும் போட்டேன். ஆனா கிரேன் ஓட்டு இல்ல. அது கையைப் பாத்துத்தான் எறங்கும்."

பத்தரை ஆனது. பத்து நாற்பது ஆனது. குறித்த நேரம் பன்றித் தலையின் சிரிப்பைத் தாண்டிப் போயேபோனது. வண்டியைத் திருப்ப அந்தச் சாலையில் இடமில்லை. மூன்று கறுப்புக் கார்களும் வந்தபடியே பின்னால் போக வேண்டியிருந்தது. இருநூறு மீட்டர். நடுக் காரின் ஓட்டுநருக்குப் பழக்கமில்லை போல, இரண்டு முறை மதிலோரம் இடித்துக்கொண்டார். கொடிக்காரர்கள் காலைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார்கள். கேமராக்காரர்கள் ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு படம் பிடித்தார்கள்.

கார்கள் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் ஒக்சொன் முஷ்டியைப் பிரித்தாள். விரல்கள் மரத்துப்போயிருந்தன. வலப்பக்கம் கை நீட்டினாள். கல் வந்த வழியே நகர்ந்து லாரிமேல் உட்கார்ந்தது. ஒரு சத்தமில்லை. யொம்மின் கைக்கு எப்போதும் அப்படி ஒரு பதம்.

மத்தியானம் கேன்டீனில் அவர்களுடைய மேசைக்கு யாரும் வரவில்லை. தூரத்திலிருந்து பார்த்தார்கள். எழுந்து போகும்போது மட்டும் ஒருத்தி ஒக்சொன்னின் தட்டில் தன் பங்கு மீன் துண்டைப் போட்டுவிட்டு நிற்காமல் போனாள்.

"அவரு நல்ல மனுஷன்தான்," என்றார் யொம், சூப்பை உறிஞ்சிக்கொண்டே. "சுத்தி இருந்தவனுங்கதான் சரியில்ல."

"கல்லுல அந்த வரிய சுத்தி இருந்தவனா எழுதினான்?"

அவர் வாயிலிருந்ததை விழுங்கினார். "அது தப்புத்தான்," என்றார். "கீதே என்ன பண்ணான், அவனை மன்னிக்க?" பிறகு சாப்பாட்டு வேளை ஒப்பந்தம் நினைவுக்கு வந்தது போலக் குனிந்துகொண்டார்.

மூன்று மணிக்கு பியோ மேஸ்திரி ஒரு வெள்ளைத் தாளோடு வந்தார். நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். தளத்தில் யார் தவறினாலும் இதுதான் முதல் சடங்கு. எப்படி எழுத வேண்டும் என்றும் எல்லோருக்கும் தெரியும்: நடந்தது இது, தவறு என்னுடையது, ஆழ்ந்து வருந்துகிறேன், இனி நடக்காது.

"நாம்குங் சொல்லச் சொன்னார்," என்றார் பியோ, அவள் முகத்தைப் பாராமல். "பட்டியல் இன்னும் மேல போகலியாம். ஒழுங்கா எழுதினா அடிச்ச பேரைத் திருப்பி எழுதலாமாம். டிவில வேற வந்துடுச்சு, அவங்களுக்கு இத சீக்கிரம் முடிக்கணும். காத்தடிச்சுது, பயந்துட்டேன்னு எழுது. அது போதும்."

ஒக்சொன் தாளை ஒரு பெயிண்ட் டப்பாமேல் வைத்து எழுதினாள். நாலு வரி. மடிக்காமல் நீட்டினாள்.

பியோ படித்தார். 'ஞாயிறு காலை பத்து இருபதுக்குக் கல் தூக்கினோம். அதில் எங்களை மன்னித்ததாக எழுதியிருந்தது. நிறுத்தினேன். மறுபடி தூக்கினால் மறுபடி நிறுத்துவேன். மா ஒக்சொன், சிக்னல்.'

"வருந்துகிறேன்னு இல்லியே," என்றார்.

"வருந்தலியே."

"அட, எழுதறதுக்கு என்ன? எல்லாரும் எழுதறதுதானே? நான் எழுதினேன், கீதே விஷயத்துல." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது போலிருந்தது.

"நீங்க எழுதினதைப் படிச்சேன், மேஸ்திரி. கலாசியின் கவனக்குறைவுன்னு எழுதியிருந்தீங்க."

பியோ தாளை மடித்துப் பையில் வைத்தார். பிறகு, யார் காதிலாவது விழுந்துவிடும் என்பது போலக் குரலைத் தாழ்த்தினார். "மாசக் கடைசியோட உன் ஒப்பந்தம் முடியுது. புதுப்பிக்க மாட்டாங்க. இந்த ஊர்ல வேற எந்தத் தளமும் உன்னை எடுக்காது. தெரியும்ல?"

"தெரியும். மாசக் கடைசிக்குப் பதினெட்டு நாள் இருக்கு."

பதினாலாம் எண் கப்பல் துறையில் யொம் ஹாரன் அடித்தார். கப்பலின் பின்பக்கத் துண்டு ஒன்று, நூற்று எண்பது டன், பெல்ட் மாட்டிக் காத்திருந்தது. கீழே நாலு கலாசிகள் நின்றார்கள். ஒக்சொன் தலைக்கவசத்தின் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தாள். போய் நின்று, நாலு பேரும் வெளியே வரும்வரை முஷ்டியை மூடியே வைத்திருந்தாள். நேரமாகிறது என்று யாரும் சொல்லவில்லை.